நூலகர் பதில்கள்: ஹெக்டேருக்கா, மாவுக்கா?

(மன்னார்குடி பக்கத்துக் கிளை நூலகங்களில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியை எழுதுகிறார். சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் விவசாயிகளோடும், ஞாயிறு காலையில் பள்ளிப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து, படித்ததையும் கேட்டதையும் சரிபார்க்கச் சொல்லித் தருகிறார்.)

பயிற்சி முகாமில் ‘தகவல் எழுத்தறிவு’ என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுபோவது?
– ஓர் ஆசிரியை, பட்டுக்கோட்டை

தகவலைத் தேடி, சரிபார்த்து, பயன்படுத்தத் தெரிவதுதான் தகவல் எழுத்தறிவு. அந்தச் சொல் 1974-இல் அமெரிக்காவில் பிறந்தது. பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் உண்டாக்கினார். அதைப் பலகையில் எழுதிப் போட்டால், நீங்கள் எழுதிக்கொண்டு வந்த மாதிரியே பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். அதோடு சரி.

போன வருஷம் என் ஞாயிறு வகுப்பில் ‘நெல் சாகுபடி’ பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். 14 பேர் கொண்டுவந்தார்கள். அதில் 11 பேர் பக்கத்தில் ஒரே வரி: ‘கோதுமை அறுவடை முடிந்ததும் நிலத்தை உழுது நெல்லுக்குத் தயார் செய்ய வேண்டும்.’ அத்தனை பேரும் வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான். பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு பெரியவரிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “கோதுமையா? நான் ரேஷன் கடையிலதான் பாத்திருக்கேன்” என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எழுதியது தாங்கள்தான் என்பதை மறந்து.

இத்தனைக்கும் அந்த வரி பொய் இல்லை. பஞ்சாபில் அப்படித்தான் செய்கிறார்கள். நம் ஊருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சரி, தப்பு என்று இரண்டு பெட்டிதான் தெரியும். ‘சரிதான், ஆனால் எனக்கு இல்லை’ என்று மூன்றாவதாக ஒன்று இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். எழுதிய பக்கத்தை வீட்டில் விவசாயம் பார்ப்பவரிடம் உரக்கப் படிக்க வேண்டும். அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ, அதை ஓரத்தில் குறித்து வர வேண்டும். ஓரங்கள் நிரம்பி வந்தன. ‘மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால்தான் குறுவைப் பேச்சே.’ ‘இது ஆத்துப் பாசனத்துக்கா, போர்செட்டுக்கா?’ ‘என்ன ரகம், எத்தனை நாள் பயிர்?’ ஒரு பாட்டி கேட்டது எனக்கு மறக்கவில்லை: “இத எழுதினவன் வயல்ல எறங்கியிருக்கானா?” பயிற்சிக் கையேடுகளில் இந்த ஒரு கேள்விக்கு மூன்று பக்கம் ஒதுக்குகிறார்கள்.

அப்புறம்தான் போனை எடுக்கச் சொன்னேன். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய், யார் எழுதியது, எந்த வருஷம் என்று கேட்டால் ஆறு பேருக்கு எங்கிருந்து எடுத்தோம் என்பதே தெரியவில்லை. தேடியதும் போனே சுருக்கிக் கொடுத்ததை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்துக்கு அடியில் யார் கையெழுத்தும் கிடையாது. அதில் இருக்கும் இணைப்பைத் தொட்டு மூலப் பக்கத்தைத் திறந்து, பெயரும் தேதியும் பார்த்து எழுதினால்தான் இப்போது நான் வாங்குகிறேன்.

இதற்கென்று தனியாகப் பாடவேளை கேட்காதீர்கள், தலைமையாசிரியர் தர மாட்டார். தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்லும்போதே இதைச் செய்துவிடலாம்.

பூச்சிமருந்து டப்பாவில் எழுத்து கடுகு மாதிரி இருக்கிறது. கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா அம்மா?
– ஒரு விவசாயி, நீடாமங்கலம்

கடைக்காரரைப் பேசுவதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். நூலகம் சாத்துகிற நேரத்தில் ஒருவர் களைக்கொல்லியோடு வரும் மடிப்புத் தாளை நீட்டினார். கண்ணாடியை மறந்து வந்துவிட்டார். “ஏக்கருக்கு எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்கம்மா” என்றார். எனக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். நெல் என்ற வரிசையில் விரலை ஓட்டி, ‘இரண்டரை லிட்டர்’ என்றேன். அவருக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். இரண்டரை லிட்டர் வாங்கிப்போய்ப் போட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து வயலில் போய் நின்றேன். நட்ட பயிர் பச்சை கட்டவே இல்லை. குட்டையாக, நுனி வெளுத்து, நட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே நின்றது. தாளை மறுபடி வாங்கிப் பார்த்தேன். கட்டத்தின் தலைப்பில் ‘ஹெக்டேருக்கு’ என்று இருந்தது. ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு லிட்டர். அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க படிச்சவங்க, நான் ஒருதரம் திருப்பிக் கேட்டிருக்கணும்” என்று சொன்னார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மருந்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் யாராவது இந்தப் பக்கத்தைப் பார்த்தே அளந்து ஊற்றுவீர்கள்.

அன்றிலிருந்து என் சனிக்கிழமை வகுப்பில் முதல் பாடம் அளவுதான். நம் பக்கத்தில் 100 குழி ஒரு மா, கிட்டத்தட்ட 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர். அப்படியானால் ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஏழரை மா. தாளில் ஹெக்டேருக்கு என்று இருந்தால், அந்த அளவை ஏழரையால் வகுத்தால் ஒரு மாவுக்கு உரியது வரும். ஏழரை என்று சொன்னதும் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் மனதில் ஒட்டிக்கொண்டது. சனி பகவான் நம் விவசாயிக்குச் செய்த உபகாரம்.

சரி, கடுகெழுத்துக்கு வருகிறேன். போன் கேமராவால் டப்பாவைப் படம் எடுத்து, இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. முதலில் நுனியில் நிற்கிற ஒரு சதுரம் தெரியும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்புதான் ஆகக் கொடிய விஷம், அதற்கடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. இதைச் சொன்னதும் ஒருவர், “அப்ப செவப்புதான் பவர், அதையே வாங்கிடலாம்” என்றார். பலருக்கும் இந்த நினைப்பு இருக்கிறது. அந்த நிறம் பூச்சிக்கு எவ்வளவு விஷம் என்று சொல்வதில்லை. அடிக்கிற நமக்கு எவ்வளவு விஷம் என்றுதான் சொல்கிறது. உங்கள் பூச்சி சாகுமா என்பதற்கு நிறத்தைப் பார்த்துப் பயனில்லை. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று எழுதியிருக்கிற வரியைப் பார்க்க வேண்டும். அதில் உங்கள் பயிர் இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலாவதித் தேதியையும், கடைசியாக அடித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் பெஞ்சில் பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி, அப்பாவோடு வருவாள். எழுத்தை அவள் படிப்பாள், என்ன கேட்பது என்று அப்பாவுக்குத் தெரியும். “தண்ணி நின்னா போடலாமா, வடிச்சிட்டுப் போடணுமா, பாரு” என்று அவர் கேட்டபோதுதான் அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். நானாக இருந்தால் திருப்பியிருக்க மாட்டேன். உங்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளை இருந்தால் டப்பாவோடு பக்கத்தில் உட்கார வையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதும் கடைக்காரரிடம், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

போன இதழில் யூரியா மூட்டை 50 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டு மூட்டையில் 45 கிலோ என்று அச்சிட்டிருக்கிறது. நீங்களே சரிபார்க்காமல் எழுதலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

எழுதக்கூடாதுதான். 2018-இலிருந்தே 45 கிலோ மூட்டை. பழைய ஞாபகத்தில் எழுதிவிட்டேன், மூட்டையைப் பார்க்கவில்லை. தழைச்சத்து 46 சதவீதம் என்பதால் ஒரு மூட்டையில் 20.7 கிலோதான் இருக்கும். நான் சொன்ன 23 கிலோவை அடித்துவிட்டுப் படிக்கவும். மூட்டையைப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டதற்கு நன்றி.

மாவட்டத்தில் மழை என்று செய்தியில் சொன்னார்கள். நம்பி அறுவடை மிஷினைத் திருப்பி அனுப்பினேன். ஒரு பொட்டு விழவில்லை. மறுநாள் மிஷின் கிடைக்கவில்லை. இந்த வானிலைக்காரர்களை நம்பலாமா?
– ஒரு விவசாயி, முத்துப்பேட்டை

மாவட்டத்தின் பெயர் காதில் விழுந்தது, மழை என்பதும் விழுந்தது. நடுவில் ஒரு சொல் இருந்திருக்கும், அது விழவில்லை. பெரும்பாலும் ‘ஓரிரு இடங்களில்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வானிலை ஆய்வு மையம் இந்தச் சொற்களைப் பேச்சுவாக்கில் போடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான் இதற்குப் பெஞ்சில் இருபது புளியங்கொட்டையைப் பரப்புவேன். ஒவ்வொரு கொட்டையும் மாவட்டத்தில் மழை அளக்கும் ஓர் இடம். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் 25 சதவீதம் வரை, அதாவது அதிகம் போனால் ஐந்து கொட்டை நனையும். ‘சில இடங்களில்’ என்றால் பத்து வரை. ‘பல இடங்களில்’ என்றால் பதினைந்து வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் அதற்கும் மேல். இப்போது உங்கள் வயல் எந்தக் கொட்டை என்று ஒன்றைத் தொடுங்கள் என்பேன். ஓரிரு இடம் என்ற நாளில், தொட்ட கொட்டை நனையாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பக்கத்துக் கொட்டை நனைந்திருக்கும். வானிலைக்காரர் சொன்னது பலித்தும் இருக்கும், உங்கள் வயலில் பொட்டு விழாமலும் இருக்கும்.

மழையின் அளவுக்கும் இப்படித்தான். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12 முதல் 20, அதிகனமழை 21-உம் அதற்கு மேலும். ஒரு சென்டிமீட்டர் என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். ஓர் ஏக்கரில் அது 40,000 லிட்டருக்கு மேல் தண்ணீர்.

அறுவடை நேரத்தில் ‘பல இடங்களில் மிதமான மழை’யும் ‘ஓரிரு இடங்களில் கனமழை’யும் ஒன்றில்லை. முதல் செய்திக்கு நான் மிஷினை நிறுத்துவேன். இரண்டாவதற்கு, கதிர் முற்றியிருந்தால் அறுத்துவிடச் சொல்வேன். பணம் உங்களுடையது, முடிவும் உங்களுடையதுதான். ஆனால் எந்தச் சொல்லை வைத்து முடிவெடுத்தோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

சொல்ல மறந்துவிட்டேன், போன நவம்பரில் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ரெட் அலர்ட் படம் ஒன்று வந்து நாலு பேர் பச்சையாகவே அறுத்துவிட்டார்கள். படத்தின் மூலையில் 2018 என்று இருந்தது. கஜா புயல் சமயத்துப் படம். தென்னை முழுக்கச் சாய்ந்ததைப் பார்த்த ஊருக்கு அந்தப் படத்தைக் கண்டால் வயிறு கலங்காதா? அந்தக் கலக்கத்தில் யாரும் மூலையைப் பார்க்கவில்லை.

அப்பாவின் போனுக்குப் பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டது, இந்த ஆப்பைப் போடுங்கள் என்று ஒரு ஃபைல் வந்தது. போட்டுவிட்டார். 18,400 ரூபாய் போய்விட்டது. நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?
– ஒரு மாணவி, திருத்துறைப்பூண்டி

முதலில் 1930-க்குப் போன் செய்தீர்களா? சைபர் மோசடிக்கான எண் அது. பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. தாமதமாகிவிட்டாலும் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். வங்கியில் சொல்லிக் கணக்கைப் பூட்டி, போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: பிஎம் கிசான் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000. அதற்காக யாரும் வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புவதில்லை. ஏபிகே (.apk) என்று முடிகிற எதையும் தொடக்கூடாது. இணைய முகவரி என்றால் அது ‘கவ் டாட் இன்’ (gov.in) என்று முடிய வேண்டும். நடுவில் எங்காவது அந்தச் சொல் இருந்தால் போதாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘என்னிடம் கேட்கவில்லை’ என்கிறீர்கள். இதற்கு முன் அவர் போனில் ஏதாவது கேட்டபோது எப்படிப் பதில் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பெஞ்சில் ஒருவர் சொன்னார்: “பொண்ணுகிட்ட கேட்டா போனைப் புடுங்கி அதுவே ரெண்டு தட்டு தட்டிட்டுக் குடுத்துடும். என்ன பண்ணுச்சுன்னு எனக்கு எங்க தெரியும்?” சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழி பார்க்காமல் மாடு வாங்குகிறவரா உங்கள் அப்பா? சந்தேகப்பட அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போனில் எங்கே பல், எங்கே சுழி என்று காட்டினால் போதும். போன் அவர் கையிலேயே இருக்கட்டும், விரலும் அவருடையதாக இருக்கட்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பட்டன் போன்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு இதை எழுதச் சொல்கிறேன். நீங்கள் சொல்வதெல்லாம் படித்தவர்களுக்குத்தானே?
– ஒரு விவசாயி, கோட்டூர்

இல்லை அய்யா. மன்னார்குடி மேலவாசலில் 1931-இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வந்து அந்த வண்டியைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்தில் வண்டி போன ஊர்களில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்? படிக்கத் தெரிந்தவர் படிக்க, மற்றவர் கேட்டிருப்பார்கள்.

புதுச்சேரி பக்கம் வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் இருந்தது. கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து, கரையில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வலையைப் பழுது பார்த்துக்கொண்டே மீனவர்கள் கேட்பார்கள். 2004 சுனாமியன்று நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்தார். அந்த ஊரிலும் இருந்த இதே மாதிரி மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லி 3,000-க்கும் மேற்பட்டவர்கள் ஓடித் தப்பினார்கள்.

உங்கள் பட்டன் போனிலேயே 1800-180-1551 போடலாம். கிசான் கால் சென்டர், காசு கிடையாது, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசுவார்கள். ஆனால் ‘பயிர் மஞ்சளா இருக்கு, என்ன அடிக்கலாம்’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். போன் செய்வதற்கு முன் வயலில் இறங்கிப் பாருங்கள். அடி இலை மஞ்சளா, குருத்து இலை மஞ்சளா? அடி இலை என்றால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், குருத்து என்றால் இரும்போ கந்தகமோ. என்ன ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாக என்ன போட்டீர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்கள் சொன்னதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுதிக்கொள்ளச் சொல்லி, வேளாண்மை உதவி அலுவலர் வரும்போது அவரிடமும் ஒருதரம் கேளுங்கள். இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால் மருந்து வாங்குவதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு. தாத்தா டிவியில் சொன்னால் நம்புகிறார், நான் சொன்னால் நம்புவதில்லை. என்ன செய்வது?
– ஒரு மாணவன், வலங்கைமான்

நீ சொல்வதற்கு ஓர் ஆதாரம் தயார் செய். நேர்ச் சுவர் உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள். அடிப்பக்கம் வளைந்த கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம், கணக்குத் தப்பும். மரமோ கூரையோ பக்கத்தில் இல்லாத இடத்தில், காற்றில் சாயாமல் செங்கல் அண்டக் கொடுத்து வை. தினம் காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் தண்ணீர் மட்டத்தை அளந்து கொட்டிவிடு. நம் நாட்டில் மழைக் கணக்கு எங்கும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறார்கள். தேதியும் அளவும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தாத்தாவைக் கையெழுத்துப் போடச் சொல். மறுநாள் பேப்பரில் உங்கள் பக்கத்து ஊருக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் ஏன் என்று தாத்தாவிடமே கேள். ஐப்பசி பிறப்பதற்குள் பாத்திரத்தை வைத்துவிடு. கார்த்திகைக் கடைசியில் அந்த நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, கையெழுத்தோடு.